மதகடியில் ஒரு கொப்பு

சனிக்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கஜாலினி, ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே இருக்கும் தோட்டமொன்றின் அடிவாரத் தேத்தண்ணிக் கடையில், வாங்கில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தாள். கணுக்காலில் இரண்டு, முழங்காலுக்குப் பின்னால் ஒன்று. சவர்க்காரம் பூசிக்கொண்டு போயும் கடித்திருந்தன. அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. விடியப்புறம் ஐந்தரைக்கு மலையுச்சியில் இறங்கி, பைனஸ் மரக் காட்டிலிருந்து தேயிலை வரைக்கும் பதினொரு கிலோமீட்டர் பாதையைத் தனியாளாகத் துப்புரவு செய்து முடித்துவிட்டு வந்திருக்கிறாள். அட்டை கடித்தால் கடித்துவிட்டுப் போகட்டும்.

முப்பத்து நாலு வயது. ஊர் சாவகச்சேரிப் பக்கம். கண்டியில் அரசாங்கக் கந்தோர் ஒன்றில் படவரைஞர் வேலை, அம்பிட்டியவில் ஒரு வாடகை அறை. கிழமை நாட்களில் மற்றவர்கள் அளந்துவந்த காணிகளுக்குக் கோடு போடுவாள், சனி ஞாயிறுகளில் மலைகளுக்குக் கோடு போடுவாள். கலியாணப் பேச்சோடு அம்மா ஊரிலிருந்து தொலைபேசி எடுக்கும் நேரத்துக்கென்று சிக்னல் இல்லாத ஒரு மலை எப்போதும் அவளுக்குக் கைவசம் இருந்தது. தான் போட்ட கோடு பிழைக்காது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இருந்ததென்ன, நிறையவே இருந்தது.

அன்றைக்கு மலையில் சைக்கிள் விட வந்திருந்தவர்கள் பதினொரு பேர். கூட்டத்துக்குத் தலைவன் ஹில்மி, கண்டியில் சைக்கிள் கடை வைத்திருப்பவன். ஆள் தங்கமானவன், கோபம் வந்தால் மட்டும் வாய் நிற்காது. பாதை பார்க்கிற பொறுப்பைக் கஜாலினியிடம் விட்டுவிட்டு அவன் நிம்மதியாக இருந்தான். அவளுடைய முறை லேசானது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் விடியவே போய்ப் பாதையில் கிடக்கிற கொப்பு, தடி, கல் எல்லாவற்றையும் எடுத்தெறிவாள். பிறகு சுண்ணாம்புத் தூளால் குறி போடுவாள். அம்புக்குறி என்றால் போ. இரண்டு கோடு என்றால் மெதுவாகப் போ. பெருக்கல் அடையாளம் என்றால் நில். குறியை நம்பு, மற்ற எதையும் யோசிக்காதே என்று புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்லிக் கொடுப்பாள்.

எல்லோரிலும் அதை அப்படியே பிடித்துக்கொண்டவள் ஆஸிகா. ஹில்மியின் தங்கை, இருபது வயது. இறக்கம் கண்டால் அந்தப் பிள்ளைக்கு உடம்பில் பயம் என்ற ஒன்றே இருக்காது, கூட்டத்து ஆண்பிள்ளைகள் ஒருவருக்கும் அவளை எட்டிப் பிடிக்க ஏலாது. அவளை மலைக்கு விட உம்மா றமீஸாவுக்குத் துளிகூட விருப்பமில்லை. அதற்காகவே கஜாலினி போன மாதம் கம்பளைக்கு பஸ் ஏறிப் போய், அவர்கள் வீட்டுக் கதிரையில் இரண்டு மணித்தியாலம் இருந்து, மூன்று கோப்பை தேத்தண்ணி குடித்து, கடைசியில் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள். நான் முன்னுக்குப் போய்ப் பார்த்த பாதையில் மட்டும்தான் பிள்ளையை விடுவேன் என்றாள். றமீஸா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியென்றால் சரி, உங்களை நம்பித்தான் விடுகிறேன் என்றார்.

பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் ஹில்மி மலையுச்சியிலிருந்து தொலைபேசி எடுத்திருந்தான். எல்லோரும் வான் வண்டியிலிருந்து இறங்கிவிட்டார்கள், ஒன்பதரைக்கு விடப்போகிறோம், முதலில் ஆஸிகா, கடைசியில் நான், இனிக் காட்டுக்குள் போகிறோம், சிக்னல் இருக்காது என்றான். பாதை எப்படி என்று கேட்டான். கண்ணை மூடிக்கொண்டு வரலாம் என்று கஜாலினி சொல்லியிருந்தாள்.

கடைக்காரி சஞ்சீவனி பத்து வருடம் தோட்டத்தில் கொழுந்து பறித்துவிட்டு, போதுமடா சாமி என்று கடை போட்டவள். சும்மா கதைத்தாலே பக்கத்து லய வீடுகளுக்குக் கேட்கிற குரல். இஞ்சித் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, எத்தனை பேர் வருவார்கள், வடை எத்தனை போடலாம் என்று விசாரித்தாள். பதினொரு பேர், இரண்டு இரண்டாகத் தின்பார்கள் என்றாள் கஜாலினி. தார் ரோட்டாலா வருகிறார்கள் என்று அடுத்த கேள்வி. இல்லை, பழைய வண்டிப்பாதையால் என்று கஜாலினி சொன்னதும் சஞ்சீவனி மாவில் வைத்த கையை எடுத்துவிட்டாள்.

"மதகுக்கிட்ட கொப்பு ஒண்ணு நட்டிருந்துச்சே, பாத்தீங்களாம்மா?"

எந்தக் கொப்பு என்று கஜாலினி கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குத் தெரியும்.

சஞ்சீவனி சொன்னாள். கார்த்திகை மழையில் வண்டிப்பாதை மதகின் கல்லெல்லாம் உள்ளுக்குள் கழன்று போய்விட்டது. அதன்பிறகு பெய்த ஒவ்வொரு மழையும் அடிமண்ணை அரித்துக்கொண்டே போயிருக்கிறது. நேற்றுச் சாயந்தரம் அவளுடைய நாத்தனார் பத்மா கொழுந்துச் சாக்கோடு வரும்போது ஒரு கால் முழங்கால் வரைக்கும் இறங்கிவிட்டதாம். இழுத்து எடுத்துக்கொண்டு, கவ்வாத்துக் கத்தியால் ஒரு கொப்பை வெட்டி, நடுப்பாதையில் நட்டுவைத்துவிட்டு வந்திருக்கிறாள்.

"மேல தோலாட்டம் மண்ணு நிக்குதும்மா. அடியில ஒண்ணுமில்ல. ஓரமா நடந்தா தாங்கும். சைக்கிளு வேகமா வந்து விழுந்தா தாங்காது. கீழ நாப்பது அடி, அம்புட்டும் பாறை."

கஜாலினி தொலைபேசியை எடுத்துக் காலையில் பிடித்த படங்களைத் தள்ளினாள். அவளுக்கு அப்படியொரு பழக்கம் இருந்தது, நன்றாக வந்த குறிகளையெல்லாம் படம் பிடித்து வைப்பாள். மதகடிக் குறி இருந்தது. நேரான இறக்கம், பச்சைப் புல், நடுவில் ஓராள் நீளத்துக்கு வெள்ளை அம்புக்குறி. அவள் அன்றைக்குப் போட்டதிலேயே அழகான குறி அதுதான். அதற்குப் பிறகு பிரேக்கே வேண்டாம் என்பதற்காகப் பெரிதாகப் போட்டிருந்தாள். படத்தின் ஓரத்தில், தேயிலைச் செடிகளுக்கு மேல், அவள் தூக்கியெறிந்த கொப்பு கிடந்தது. இலை வாடவில்லை. வெட்டுவாய் சரிவாக, வெள்ளையாக, கத்தியால் ஒரே வீச்சில் வெட்டியது என்று சத்தியம் செய்கிறமாதிரி இருந்தது.

எல்லாம் ஞாபகம் வந்தது. கொப்பு கிடக்கவில்லை, நின்றது. அடியில் மூன்று கல் அண்டைகொடுத்திருந்தார்கள். அந்தக் கற்களையும் அவள்தான் காலால் தட்டிவிட்டாள். இதே கொப்பு கண்டி ரோட்டில் பழுதாகி நிற்கிற ஒரு லொறிக்குப் பின்னால் நின்றிருந்தால் நூறு யார் தூரத்துக்கு முன்னமே வேகத்தைக் குறைத்திருப்பாள். இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போகாத குழந்தைக்குக்கூட ரோட்டில் நட்ட கொப்பு என்றால் முன்னால் ஆபத்து என்று தெரியும். ஆனால் விடிந்ததிலிருந்து அவள் அறுபது எழுபது கொப்பு எறிந்திருந்தாள். கை எறிந்துகொண்டே வந்தது, கண் அடுத்த குறிக்கு இடம் தேடிக்கொண்டே வந்தது, புத்தி எங்கேயோ வடை தின்னப் போயிருந்தது. பழகின வேலை ஆளை இப்படித்தான் ஏமாற்றும்.

மணி ஒன்பது இருபது. ஒன்பதரைக்கு ஆஸிகா புறப்படுவாள். அவளுடைய வேகத்துக்கு மதகடிக்குப் பதினைந்து நிமிடம். ஹில்மிக்குத் தொலைபேசி எடுத்தாள். நீங்கள் அழைத்த இலக்கத்துடன் தொடர்புகொள்ள முடியாது என்று ஒருத்தி முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் ஆறுதலாகச் சொன்னாள். ஆஸிகாவுக்கு எடுத்தாள். அதே பெண், அதே மூன்று பாஷை. ஓட்டோவில் தார் ரோட்டைச் சுற்றி மேலே போக நாற்பது நிமிடம் ஆகும். தேயிலைக்குள்ளால் குறுக்கே ஏறினால் எவ்வளவு நேரம் என்று சஞ்சீவனியிடம் கேட்டாள். அவள் கஜாலினியின் கால்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, எனக்கு இருபது நிமிசம், உங்களுக்கு எப்படியோ என்றாள். அதைச் சொல்லும்போதே அடுப்பை அணைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கடையைப் பூட்டக்கூட இல்லை.

குறுக்கு வழி என்று பேர்தான், அது வழியே இல்லை. தண்ணி ஓடுகிற கான்களுக்குள்ளால், கல் படிகளில், தேயிலைச் செடிகளைப் பிடித்துக்கொண்டு நேரே மேலே ஏற வேண்டும். சஞ்சீவனி ஆடு மாதிரி ஏறினாள். கஜாலினிக்கு மூன்று மணித்தியாலம் மலையில் குனிந்து நிமிர்ந்த உடம்பு. பத்தாவது படியிலேயே மூச்சு மேலுக்கும் கீழுக்கும் இழுத்தது. வழுக்கி விழுந்தாள், எழும்பினாள், கவ்வாத்து வெட்டின குச்சி உள்ளங்கையைக் கிழித்தது. அவளுக்கு நோவு தெரியவில்லை. கம்பளை வீட்டில் தன் கையைப் பிடித்த றமீஸாவின் கைதான் ஞாபகத்தில் இருந்தது. அந்தக் கையில் மருதோன்றி மணந்தது.

ஒன்பது முப்பத்திரண்டு. மேலே புறப்பட்டிருப்பார்கள். கஜாலினி நிமிர்ந்து பார்த்தாள். பாதி மலைகூட ஏறவில்லை. மிச்சப் பாதியை மேகம் மூடிக்கொண்டு கிடந்தது. தன்னால் நேரத்துக்குப் போய்ச் சேர ஏலாது என்று அவளுக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஏலாது என்று தெரிந்தும் கால் நிற்க மறுத்தது.

சஞ்சீவனி நின்றுவிட்டாள். கானுக்குப் பக்கத்தில் துருத்திக்கொண்டு நின்ற ஒரு பாறையில் ஏறி, இரண்டு கையையும் வாய்க்குக் குவித்து, மேலே பார்த்துக் கூவினாள். வார்த்தை இல்லை, நீளமான ஒரு கூ. கொழுந்து மலையில் ஒரு அணிக்கு இன்னோர் அணி இப்படித்தான் சேதி சொல்லும். சத்தம் மேகத்துக்குள் போனது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வலது பக்கத்து மலையிலிருந்து ஒரு கூ திரும்பி வந்தது, அதற்கு மேலேயிருந்து இன்னொன்று. மேலேயிருப்பது ஒன்பதாம் நம்பர் மலை, பத்மா அணி அங்கேதான், மதகுக்கு ஐம்பது யார் தள்ளி என்று சஞ்சீவனி சொன்னாள். அவள் ஒவ்வொரு சொல்லாக இழுத்து அனுப்பினாள். மதகு. சைக்கிள் வருது. கொப்பு போடு. நடுவில் இருந்த பெண்கள் அதை அப்படியே வாங்கி மேலே கொடுத்தார்கள். யாரென்று தெரியாத, முகமே தெரியாத பெண்கள். கஜாலினிக்கு அழுகை வந்துவிட்டது. நன்றி சொல்லவேண்டும், இந்த மலையில் உள்ள ஒவ்வொருத்தியின் காலிலும் விழவேண்டும் என்று இருந்தது.

மேலேயிருந்து பதில் வந்தது. கொப்பு வெட்டுகிறார்களாம், பாதைக்குக் குறுக்கே போடுகிறார்களாம். சஞ்சீவனி சிரித்தாள், அப்பாடா என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

அப்போதுதான் கஜாலினிக்கு உறைத்தது. கொப்புக் கிடந்தால் ஆஸிகா நிற்கமாட்டாள். நிற்கக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தவளே கஜாலினிதான். அம்பிட்டிய மேட்டுப் பாதையில் ஆறு கிழமை, சனியும் ஞாயிறும், அவளே கொப்புகளைக் குறுக்கே போட்டுப் பழக்கினாள். கொப்பைக் கண்டு பிரேக் பிடித்தால் விழுவாய், சில்லைத் தூக்கித் தாண்டு, தாண்டி அந்தப் பக்கம் பலமாக இறங்கு. ஆஸிகா அதில் கெட்டிக்காரி. கொப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு உயரத்துக்குத் தூக்குவாள். இப்போதும் தூக்குவாள். தூக்கி, அம்புக்குறி காட்டுகிற இடத்தில், தோலாக நிற்கிற அந்த மண்ணின் மேல், இரண்டு சில்லும் ஒன்றாக விழ இறங்குவாள்.

கொப்பு வேண்டாம் என்று கஜாலினி மேலே பார்த்துக் கத்தினாள். அவளுடைய குரல் நாலு வரிசைத் தேயிலையைத் தாண்டவில்லை. சஞ்சீவனியின் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"கொப்பு போட வேண்டாமெண்டு சொல்லுங்கோ. அவள் தாண்டிப் போயிடுவாள். ஆக்கள் குறுக்க நிக்கவேணும்."

சஞ்சீவனிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் மாறியது. மலையிறக்கத்தில் அம்பு மாதிரி வருகிற சைக்கிளுக்கு முன்னால் மனுசரை நிறுத்தச் சொல்கிறாள் இந்தப் பிள்ளை. மேலே நிற்பது யார், அவளுடைய நாத்தனார். மூன்று பிள்ளைகளின் தாய். கொப்பை ஒழுங்காக நட்டுவைத்தவள். கஜாலினி எதுவும் மறைக்கவில்லை, மறைக்க நேரமும் இல்லை. கொப்பை எடுத்தெறிந்தது நான்தான், குறி போட்டதும் நான்தான் என்று மூச்சிரைக்க இரண்டு வசனத்தில் சொல்லிவிட்டாள். சஞ்சீவனி ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஆளைப் பாத்தா அந்தப் புள்ள நிப்பாட்டுமா?"

கஜாலினிக்கு என்ன தெரியும். அந்த இறக்கத்தில், அந்த வேகத்தில், மேகத்துக்குள், ஈரப் புல்லில், ஆஸிகா ஆளைக் கண்டு பிரேக்கை இறுக்கினாலும் சைக்கிள் நிற்குமா என்பது அவளுக்குத் தெரியாது. அப்படியொன்றை அவள் பழக்கவேயில்லை. பாதையில் ஆள் நிற்கக்கூடாது என்பதுதான் அவளுடைய கணக்கு.

"ஓம்" என்றாள். "ஆளைக் கண்டா நிப்பாட்டுவாள்."

சஞ்சீவனி அவளை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பாறையில் திரும்பி, முன்னதைவிடப் பலமாகக் கூவினாள். கொப்பு வேணாம். ஆளு நில்லு. குறுக்க நில்லு. பத்மா, நீ நில்லு. கடைசிச் சொல்லில் அவளுடைய குரல் உடைந்தது. நடுவில் இருந்த பெண்கள் அதையும் வாங்கி மேலே கொடுத்தார்கள், உடைந்த இடத்தைத் தவிர.

இருவரும் மறுபடி ஏறினார்கள். கஜாலினி கையும் காலுமாகத் தவழ்ந்தாள். ஒன்பது நாற்பது. ஒன்பது நாற்பத்தொன்று. அவளுக்குத் தெரிந்த சாமியெல்லாம் ஊரில் இருந்தது, ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். கம்பளை வீட்டில் சொல்லக் கேட்ட யா அல்லாஹ்வும் வாயில் வந்தது. மேகத்துக்குள் எங்கேயோ உயரத்தில் மணி அடித்த சத்தம் கேட்டது. ஆஸிகாவின் சைக்கிள் மணி. மலைச் சைக்கிளுக்கு மணி என்னத்துக்கு என்று எல்லோரும் பகிடி பண்ண, உம்மா வாங்கித் தந்தது, கழட்டமாட்டேன் என்று வைத்திருந்தாள். மணி நிற்காமல் அடித்தது. விலகச் சொல்லி அடிக்கிறாள். பிறகு பிரேக் கீச்சிட்டது, பெண்கள் ஒன்றாகக் கத்தினார்கள், என்னவோ தொப்பென்று விழுந்தது. அதற்குப் பிறகு மண் சரிகிற சத்தம், கல்லில் இரும்பு மோதி மோதிக் கீழே கீழே போகிற சத்தம். அது நிற்க நெடுநேரம் ஆனது.

கஜாலினி அப்படியே கானுக்குள் குந்திவிட்டாள். சஞ்சீவனிதான் அவளுடைய சட்டையைப் பிடித்து இழுத்து, நடங்கம்மா, போய்ப் பாக்காம இருக்க முடியுமா என்று தள்ளினாள். மிச்சத் தூரத்தை எப்படி ஏறினாள் என்று கஜாலினிக்குத் தெரியாது. வண்டிப்பாதையின் ஓரத்துக் கல்லைப் பிடித்துத் தலையைத் தூக்கியபோது முதலில் தெரிந்தது இடுப்பில் படங்குச் சாக்குக் கட்டிய பெண்களின் கால்கள். கால்களுக்கு நடுவில் ஆஸிகா உட்கார்ந்திருந்தாள். தலைக்கவசம் கழுத்தில் தொங்கியது. உதட்டில் இரத்தம். உயிரோடு இருந்தாள். முழுசாக இருந்தாள். கஜாலினி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பெரிய சத்தமாக அழுதாள், வெட்கம் ரோசம் ஒன்றும் பார்க்கவில்லை.

அவர்களிடமிருந்து ஐந்தாறு யார் கீழே பாதை வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஒரு ஓட்டோ இறங்குகிற அளவுக்கு ஓட்டை. பெண்கள் ஆறு பேர் கைகோர்த்துக் குறுக்கே நின்றிருக்கிறார்கள், நடுவில் பத்மா. ஆஸிகா மேகத்துக்குள்ளிருந்து வந்ததும் பயத்தில் ஐந்து பேர் ஓரத்துக்குப் பாய்ந்துவிட்டார்கள். பத்மா நின்றாள். சைக்கிள் சறுக்கிக்கொண்டு வந்து அவளைத் தட்ட, இரண்டு பேரும் தேயிலைக்குள் விழுந்தார்கள். சைக்கிள் மட்டும் தனியாக இறக்கத்தில் போய், அம்புக்குறியின் மேல் ஏறியிருக்கிறது. அவ்வளவுதான், மண் அதையும் விழுங்கித் தன்னையும் விழுங்கிக்கொண்டது.

பத்மா ஒரு தேயிலைச் செடியில் சாய்ந்து இருந்தாள். வலது மணிக்கட்டு உடைந்து, கை திரும்பக்கூடாத பக்கம் திரும்பி நின்றது. கொழுந்து பறிக்கிற கை. சஞ்சீவனி தன் முந்தானையைக் கிழித்து அதைக் கட்டிக்கொண்டிருந்தாள். பத்மா கத்தவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். கடைசியாக வந்த ஹில்மி சைக்கிளை எறிந்துவிட்டு ஓடிவந்து தங்கையின் தலையைத் தடவினான், கையைத் தடவினான், காலை மடக்கச் சொன்னான், நீட்டச் சொன்னான். பிறகு எழும்பிப் போய் அந்த ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தான். அடியில் சைக்கிள் இரண்டாக மடிந்து கிடந்தது. திரும்பி வந்தபோது அவனுடைய முகத்தில் இரத்தம் இல்லை. பயம் போகிற வழியில் கோபமாகத்தான் போகும் சிலருக்கு. ஹில்மி அந்த வகை.

"மனுசர் போற பாததானே இது? ஒரு கொப்பு சரி வெக்க ஏலாதா உங்களுக்கு?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பத்மா உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு தலையைத் தூக்கினாள்.

"வச்சேன் தம்பி. நேத்தே வெட்டி நட்டு வச்சேன்."

எங்கே, காட்டு என்றான் ஹில்மி. வைத்திருந்தால் எங்கே போனது, காற்றடித்ததா, நேற்றிரவு ஒரு இலைகூட அசையவில்லையே என்று கேட்டான். பத்மா பாதையைப் பார்த்தாள், ஓட்டையைப் பார்த்தாள். மூன்று கல் அண்டைகொடுத்து வைத்தேன் என்று சொன்னாள். அந்தக் கல்லையும் காணவில்லை. தானே தன்னைச் சந்தேகப்படுகிறவள் போல அவளுடைய குரல் தணிந்துகொண்டு வந்தது. செய்யாத வேலையைச் செய்தேன் என்று சொல்லவேண்டாம் என்று ஹில்மி சொன்னான். இன்னும் என்னென்னவோ சொன்னான். அதையெல்லாம் இங்கே எழுத வேண்டியதில்லை, பிறகு அவனே நினைத்து நினைத்து வெட்கப்பட்ட வார்த்தைகள்.

சஞ்சீவனிக்குத் தெரியும். முழு மலைக்கும் கேட்கிற குரல் அவளுக்கு இருந்தது. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. கட்டின முடிச்சைப் பிடித்தபடி கஜாலினியைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

கஜாலினி ஆஸிகாவை விட்டு எழும்பினாள். தேயிலைக்குள் இறங்கிப் போய், காலையில் எறிந்த கொப்பைத் தேடினாள். இரண்டு வரிசை தள்ளி, செடிகளின் மேல், படத்தில் இருந்தபடியே கிடந்தது. அதை இழுத்துக்கொண்டு வந்து ஹில்மியின் காலடியில் போட்டாள். சரிவான வெட்டுவாய் எல்லோருக்கும் தெரிந்தது.

"அவ வச்சவ, ஹில்மி. நான்தான் பிடுங்கி எறிஞ்சனான். எறிஞ்சுபோட்டு அதே இடத்தில அம்புக்குறியும் போட்டனான்."

ஹில்மி கொப்பைப் பார்த்தான். பத்மாவின் கையைப் பார்த்தான். பிறகு அவன் பத்மாவுக்கு முன்னால் போய்க் குந்தி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், எழும்ப முடியுமா என்று கேட்டான். கஜாலினியின் பக்கம் திரும்பவில்லை. அவன் திட்டியிருந்தால் அவளுக்கு எவ்வளவோ மேல். நாலு பேருக்கு முன்னால் கன்னத்தில் அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். கம்பளைக்குப் போய் றமீஸாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே என்று நினைத்தாள்.

பத்மாவைத் தாங்கிக்கொண்டு எல்லோரும் ரோட்டுப் பக்கம் நடக்கத் தொடங்கினார்கள். ஆஸிகா மட்டும் போகவில்லை. கஜாலினி கொப்பைத் தூக்கி, ஓட்டைக்கு முன்னால் பாதுகாப்பான தூரத்தில் நட்டு, மூன்று கல் தேடிக்கொண்டுவந்து அண்டைகொடுக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்தில் வந்தாள்.

"முதல்ல அவங்கள விலத்திப் போகத்தான் பாத்தேன், அக்கா" என்றாள். "மேலேருந்து வரக்கொள்ளவே அந்த எடம் ஒரு மாதிரித்தான் தெரிஞ்சிச்சி. புல்லு உள்ளுக்குப் பதிஞ்சி இருந்திச்சி. ஆனா உங்கட அம்புக்குறி இருந்திச்சே. அதான் நான் யோசிக்கல்ல."

அதில் குற்றம் சாட்டுகிற தொனி ஒன்றும் இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். சொல்லிவிட்டு உதட்டு இரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நானா ஹில்மியின் பின்னால் நடந்தாள்.

அம்புக்குறியின் தலை மண்ணோடு கீழே போயிருந்தது. வால் மட்டும் பாதையில் மிச்சம் இருந்தது. கஜாலினி முழங்காலிட்டு, கிழிந்த உள்ளங்கையால் அதைத் தேய்த்தாள். பனி ஈரத்தில் சுண்ணாம்பு புல்லோடு நன்றாகப் பிடித்திருந்தது, இலேசில் போகவில்லை.